கருவாட்டுக் கடைக்குப் போட்ட வெப்சைட், எட்டு மாதம் கழித்து

மண்டபம் முகாமில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கருவாட்டுக் கடை. ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்புகிற கார்களை நம்பித்தான் அப்பா காலத்திலிருந்து வியாபாரம். போன தை மாதம் ஒரு வடிவமைப்பாளரிடம் 15,000 ரூபாய் கொடுத்து வெப்சைட் போட்டோம். அவர் பெயர் வேண்டாம், வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நல்ல மாதிரியாகப் பேசினார், சொன்ன தேதியில் முடித்தார். அவருடைய லேப்டாப்பில் பார்த்தபோது அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் என் போனில் திறந்து பார்க்காமலே மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

போனில் திறந்தால் மூன்று பெரிய படங்கள் மாறி மாறி ஓடுகின்றன. அதில் ஒன்று ரோஸ் நிறச் சால்மன் துண்டு! நாங்கள் விற்பது நெத்திலி, சீலா, வாளை, திருக்கை, மாசி. மீன் தெரிந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் இப்படி ஒரு கடை உண்மையிலேயே இருக்கிறதா என்றுதான் யோசிப்பார்கள். படம் ஒவ்வொன்றும் 5 எம்பிக்கு மேல். பாம்பன் பக்கம் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும்போது, பக்கம் திறப்பதற்குள் கார் பாலம் இறங்கி எங்கள் கடையையும் தாண்டிவிடும். எழுத்தோ வெள்ளையில் வெளிர் சாம்பல். இந்த ஊர் வெயிலில் கையைக் குடையாகப் பிடித்தாலும் படிக்க முடியாது. விலைப் பட்டியல் தனி பிடிஎஃப்; அதை இறக்கி, பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும்.

மனசு ஆறாதது வேறு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், கருவாடு கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். அப்போது கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மேப்பில் கடையின் குறி மண்டபம் ஸ்டேஷன் பக்கம் இருந்திருக்கிறது. மண்டபம் வேறு, மண்டபம் முகாம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி ரயில் நிலையமே உண்டு. கூப்பிட்டு வழி கேட்கலாம் என்றால், எங்கள் நம்பர் படத்துக்குள் எழுத்தாக இருக்கிறது. தொட்டால் அழைப்பு போகாது. பேப்பரில் எழுதி அடித்ததில் ஒரு எண் மாறி வேறு யாருக்கோ போயிருக்கிறது. விசாரித்து விசாரித்து அவர்கள் கடைக்கு வந்தபோது அந்தப் பாட்டிக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. முதலில் தண்ணீர்தான் கொடுத்தேன். “நம்பர் சரியாகப் போடக் கூடாதாம்மா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் தேடி வந்தார்கள். தேடாமல் நேரே ஊருக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

அப்புறம் ஆடியில்தான் தெரிந்தது, ‘தொடர்புக்கு’ பக்கத்தில் எழுதுகிறவர்களின் செய்தி எல்லாம் வடிவமைப்பாளரின் மின்னஞ்சலுக்கே போயிருக்கிறது. மொத்தம் 11 செய்திகள். அதில் ஒருவர் சென்னையில் மெஸ் நடத்துகிறவர், மாதம் 10 கிலோ நெத்திலி வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் கூப்பிட்டபோது வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டாராம்.

அக்கா மகள் உட்கார்ந்து பாதியைச் சரிசெய்துவிட்டாள். ஓடுகிற படங்களை எடுத்துவிட்டு, எங்கள் வாசலில் பாயில் காயும் வாளையைப் போட்டாள். படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியதும் 200 கேபிக்குள் வந்துவிட்டது, பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை. விலையைப் பக்கத்திலேயே தமிழில் எழுதினாள். நம்பரைத் தொட்டால் இப்போது நேராக அழைப்பு போகிறது, பக்கத்திலேயே வாட்ஸப் பொத்தானும் இருக்கிறது. மேப் குறியை நானே கடை வாசலில் நின்று மாற்றினேன். இதற்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆனது.

அவளால் முடியாதது ஒன்று: டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர். எங்கள் கடைப் பெயரில் உள்ள அந்த முகவரியை வடிவமைப்பாளர் தன் பெயரில் பதிந்து வைத்திருக்கிறார். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய விஷயம். அவர் கட்ட மறந்தால் கார்டில், பையில், பலகையில் அச்சடித்த முகவரி எல்லாம் வீண். காசு கொடுக்கும் முன்பே டொமைன் யார் பெயரில் என்று கேட்டிருக்க வேண்டும், நீங்களாவது கேளுங்கள்.

ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன், அதுவும் சொன்ன தேதிக்காக. பெயரை மாற்றித் தரச் சொல்லி இரண்டு முறை எழுதியாயிற்று. மாற்றிக் கொடுத்தால் இங்கேயே வந்து அதையும் எழுதுகிறேன்.