தொட்டியில் ஆரல்: நான்கு வருட அனுபவம்

ஆரல் வளர்க்கலாமா என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஆரல் பாம்பு மாதிரி நீண்ட நன்னீர் மீன், கொஞ்சம் மென்மையான தண்ணீரைத்தான் விரும்பும். ஆரம்பத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது.

மதுரையில் ஒரு கடையில் மூன்று குட்டிகள் வாங்கினேன். இரண்டு பீகாக் ஈல் என்கிற ஆரல் வகை, வாலோரம் மயில் கண் மாதிரி வட்டப் பொட்டு இருக்குமே, அது. மூன்றாவதையும் அதே வகை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வளர வளரத்தான் அது டயர் டிராக், அதாவது நம் ஊர் கல் ஆரல் என்று தெரிந்தது. பீகாக் ஒரு அடிக்கு மேல் போகாது. கல் ஆரல் இரண்டரை, மூன்று அடி வரை போகும். என் தொட்டியே மூன்று அடிதான். ஒன்றரை வருடத்தில் ஒரு முழம் வளர்ந்துவிட்டது, பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். ஆர்.எஸ். மங்கலம் மாமா அதைப் பார்த்துவிட்டு, "மாப்ளே, நம்ம கண்மாய்ச் சேத்துல கைய விட்டா கூடை கூடையா வரும், இதுக்காடா காசு குடுத்த?" என்று சிரித்தார். குழம்பு வைக்கலாம் என்றும் சொன்னார். அம்மாவுக்கு அது மீனே இல்லை, பாம்பு.

சரி, மணலுக்கு வருவோம். ஆரலுக்கு மணல்தான் வீடு. பகலெல்லாம் உள்ளே புதைந்துகொண்டு மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும். கூரான சரளை போட்டால் உடம்பு கீறிப் புண்ணாகும். கடற்கரை பக்கத்தில் இருக்கும்போது மணலுக்கு என்ன பஞ்சம் என்று ஒரு சாக்கு அள்ளி வந்து ஏழெட்டுத் தடவை அலசிப் போட்டேன். உப்பு போய்விட்டது, ஆனால் கிளிஞ்சல் தூள் போகவில்லை. அது கரையக் கரையத் தண்ணீர் கடினமாகிக்கொண்டே போனது, மீன்கள் சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கின. மொத்தத்தையும் கொட்டிவிட்டு, ஆற்று மணலை மாவு சல்லடையில் சலித்து, சன்னமாக விழுந்ததை மட்டும் மூன்று விரல் கனத்துக்குப் போட்டேன். பவளக்கல் வைத்தாலும் இதே கதைதான், அதோடு அதை எடுப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தண்ணீர் இப்போது காவிரிக் கூட்டுக் குடிநீர்தான், டிரம்மில் பிடித்துக் குளோரின் முறிப்பான் விட்டுத்தான் மாற்றுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடி மழைத்தண்ணீரையும் கலப்பேன், முதல் மழையை மட்டும் விட்டுவிடுவேன்.

சாப்பாட்டு விஷயத்தில் பொறுமை வேண்டும். உருண்டைத் தீவனத்தைத் திரும்பியும் பார்க்காது. மதுரையிலிருந்து மீன் தீனிக்காக உறைய வைத்து விற்கும் ரத்தப்புழு வாங்கி வந்தால் பஸ்ஸிலேயே கரைந்துவிடுகிறது. கடைசியில் கைகொடுத்தது மண்புழுவும், பொடியாக நறுக்கி அலசிய இறாலும்தான். இந்த மணல் காட்டில் மண்புழு கிடைப்பதும் லேசில்லை, குளிக்கிற தண்ணீர் பாயும் தென்னை மூட்டில் தோண்டினால்தான் உண்டு. விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்துப் புழுவைப் போடுவேன். முதலில் மணல் லேசாக மேடு தட்டும். அப்புறம் மூக்கு வெளியே வரும். மூக்கு நுனியில் ஒரு சின்னத் தும்பிக்கை, அதன் இரண்டு பக்கமும் குழல் மாதிரி நாசித்துளை. அதை இடதும் வலதுமாக ஆட்டித் தடவிக்கொண்டே வந்து, புழுவைத் தொட்டதும் ஒரு கணம் நின்று, நூடுல்ஸ் உறிஞ்சுவது மாதிரி இழுத்துக்கொள்ளும். முதல் இரண்டு மாதம் இதை நான் பார்க்கவே இல்லை, இப்போது விரலிலிருந்தே வாங்கிக்கொள்கிறது. முதுகில் வரிசையாக முள் உண்டு, கையில் பிடித்தால் குத்தும். கூடவே கப்பி என்கிற பொடி மீன்களையும் விட்டிருந்தேன், ஒவ்வொன்றாகக் காணாமல் போனது, எங்கே போனது என்று கேட்க வேண்டாம்.

மூடி இல்லாமல் இந்த மீன் வாங்கவே வாங்காதீர்கள். ஃபில்டர் குழாய்க்கு விட்ட இரண்டு விரல் இடைவெளியில் ஒரு பீகாக் ஏறிக் குதித்து, விடிகாலையில் டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் தூசி அப்பிக் கிடந்தது. அம்மா போட்ட சத்தத்தில் தெருவே எழுந்தது. தண்ணீரில் விட்டதும் பிழைத்துக்கொண்டது. இப்போது இடைவெளியில் ஸ்பாஞ்ச் அடைப்பும், மூடி மேல் அரைச் செங்கல்லும்.

இன்னொரு பீகாக் போனதற்கு நான்தான் காரணம். வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது கடையில் கொடுத்த பச்சை மருந்தை, பாட்டிலில் போட்டிருந்த அளவுக்கே ஊற்றினேன். மற்ற மீன்கள் தேறின, ஆரல் இரண்டாம் நாள் செத்துவிட்டது. ஆரலுக்குச் செதில் மிகப் பொடிசு, மருந்து சீக்கிரம் தாக்கும், செம்பு கலந்தது என்றால் இன்னும் மோசம். அடுத்த முறை நோய் வந்தபோது மருந்தைத் தொடவில்லை, சூட்டை 30 டிகிரிக்கு மெல்ல ஏற்றி, காற்று பம்பைக் கூட்டி, அடிக்கடி தண்ணீர் மாற்றியே சரிசெய்தேன்.

கத்திரி வெயிலில் பிரச்சினை நேர் எதிர், எதுவும் செய்யாமலே தொட்டி 32ஐத் தாண்டும். மேலே வலை போட்டு ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கரண்ட் போனால் பேட்டரி பம்ப். உப்புக் காற்றில் இரும்பு ஸ்டாண்ட் இரண்டே வருடத்தில் துருப்பிடித்துவிட்டது, மரத்தில் செய்துகொள்ளுங்கள்.

வரவேற்பறையில் அழகுக்கு வைக்க நினைத்தால் இந்த மீன் வேண்டாம், விருந்தாளி வரும்போது வெறும் மணல்தான் தெரியும். மீதமிருக்கும் ஒரு பீகாக்குக்கு நான்கு வயது தாண்டிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல் என்றால் வாருங்கள், காட்டுகிறேன், புழுவை நீங்களே கொண்டுவந்தால் இன்னும் நல்லது.