பயந்தாங்கொள்ளிப் பூனைக்கு எந்த போர்டிங் சரிப்படும்?

நாம் ஊருக்குப் போகும் நாட்களில் காசு கொடுத்துப் பூனையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் ஏற்பாடுதான் போர்டிங். கலகலப்பான பூனையை எங்கே விட்டாலும் இரண்டு நாளில் ஆளையும் கிண்ணத்தையும் பழகிக்கொள்ளும். காலிங்பெல் அடித்ததும் கட்டிலுக்கு அடியில் அமுங்குகிற பூனை வேறு ரகம். ஏசி, பொம்மை, நேரலை கேமரா எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒளிய இடம் தருகிறார்களா, ஒளிந்ததை வெளியே இழுக்காமலே சாப்பாட்டுக்கும் சிறுநீருக்கும் கணக்கு வைக்கிறார்களா என்ற இரண்டுக்குத்தான் இங்கே மதிப்பெண்.

நாய்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் கூண்டு போர்டிங்: 5-க்கு 1.5

கம்பிக் கூண்டு, எதிர் வரிசையில் இன்னொரு கூண்டு, பக்கத்து அறையில் குரைப்பு. இங்கே பயந்த பூனை பெரும்பாலும் லிட்டர் டப்பாவுக்குள்ளேயே, அதாவது மலஜலம் கழிக்க மணல் போட்டு வைக்கும் டப்பாவுக்குள்ளேயே, போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று பக்கம் சுவர் இருப்பதும், தன் வாசனை அடிப்பதும் அந்தக் கூண்டில் அது ஒன்றுதான். பராமரிப்பாளர் அதைப் பார்த்து 'தூங்குது, சமர்த்து' என்று மெசேஜ் அனுப்புவார். நான்கு கால்களையும் வயிற்றுக்கு அடியில் இறுக்கி, காதைப் பக்கவாட்டில் தாழ்த்தி, கண்ணை மூடியிருந்தால் அது தூக்கமில்லை. உண்மையாகத் தூங்கும் பூனை பக்கவாட்டில் சாய்ந்தோ சுருண்டோ கிடக்கும்.

வேறு வழியே இல்லை என்றால் இரண்டு திருத்தம் கேளுங்கள்: உள்ளே கவிழ்த்த அட்டைப்பெட்டி ஒன்று, கூண்டின் முன்பக்கத்தில் பாதியை மறைக்கிற மாதிரி ஒரு துண்டு. இரண்டுக்கும் செலவே கிடையாது. அதற்கும் 'அப்புறம் பூனை எங்க கண்ணுக்கே தெரியாதே' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பூனைகளுக்கு மட்டுமான போர்டிங்: 5-க்கு 3.5

நல்ல இடத்தை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு கதவு மூடிய பிறகுதான் அடுத்த கதவைத் திறப்பார்கள். அறைகளுக்கு நடுவே கம்பி இருக்காது, முழுத் தடுப்பு இருக்கும். தும்மல் துளி ஒரு மீட்டர் தாண்டியும் தெறிக்கும் என்பதால் எதிரெதிர் கூண்டு தொற்றுக்கு நேர் வழி. உயரத்தில் ஒரு பலகை, ஒரு மறைவிடம், லிட்டர் ஒரு மூலை, சாப்பாடு எதிர் மூலை. தடுப்பூசி அட்டை கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் இடத்துக்குப் பூஜ்யம்.

சேர்க்கும் முறையையும் கவனியுங்கள். கேரியரை, அதாவது பூனையைத் தூக்கி வரும் பெட்டியை, சாய்த்துப் பூனையைக் கொட்டுபவர்கள் உண்டு. சரியான முறை, கேரியரை அறைக்குள் வைத்து, கதவைத் திறந்துவிட்டு, ஆள் வெளியேறுவது. தானாக வரும், பெரும்பாலும் விளக்கு அணைந்த பிறகு.

கெஸ்லர், டர்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் போர்டிங் பூனைகளை இரண்டு வாரம் கவனித்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றம் நன்றாக இறங்கியது முதல் நான்கு நாட்களில். மூன்றில் இரண்டு பங்கு பூனைகள் நன்றாகப் பழகிக்கொண்டன. 4 சதவீதத்துக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை. ஆகவே இரண்டு நாள் பயணத்துக்கு இந்த வகைப் பூனையை போர்டிங்கில் விடுவதுதான் மோசமான பேரம். கஷ்டமான பகுதியை முழுதாக அனுபவித்துவிட்டு, தேறும் முன்பே திரும்பிவிடும். பத்து நாளுக்கு மேல் என்றால் யோசிக்கலாம்.

பராமரிப்பாளரின் வீட்டில் விடுவது: 5-க்கு 2

கேட்க இதமாக இருக்கும். ஆனால் ஃப்ரிட்ஜின் பின்புறம், சோபாவின் அடித்துணிக் கிழிசல், வலையில்லாத ஜன்னல் என்று வீடு முழுக்க ஓட்டை. முதல் மூன்று நாள் ஒரே அறையில் வைப்பேன் என்று அவராகச் சொன்னால் மட்டும் பேச்சைத் தொடருங்கள். அங்கே வேறு பூனை இருந்தால் அறிமுகப்படுத்தும் வேலையே வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பவர்: 5-க்கு 4.5

கூச்சப் பூனைக்கு இதுதான் முதல் தேர்வு. நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஒரே முறை வந்து கிண்ணத்தை ரொப்பிவிட்டுப் போவதை ஏற்காதீர்கள். காலையில் தொடங்கிய சிக்கல் மறுநாள் காலைவரை யார் கண்ணிலும் படாது.

அரை மதிப்பெண் குறைவது, 'நான் போனப்போ பூனையைக் காணோம், ஆனா சாப்பாடு காலி' என்ற அறிக்கைக்காக. தினம் ஒரு முறையாவது பூனையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பார்ப்பது போதும், தொட வேண்டாம். வழக்கமாக ஒளியும் இடங்களை எழுதிக் கொடுங்கள். பரண், அலமாரி, கை எட்டாத மூலைகளை கிளம்பும் முன்பே மூடிவிடுங்கள். வருபவர் தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, மெதுவாகக் கண் சிமிட்டினால் போதும். ஃபோட்டோவுக்காகக் கட்டிலடியிலிருந்து இழுப்பவரை அன்றே நிறுத்துங்கள். கிண்ணத்தில் மிச்சமான உணவின் எடையையும் சிறுநீர் பட்டுத் திரண்டு லிட்டரில் அள்ளிய கட்டிகளையும் படமெடுத்து அனுப்புபவர் தொழில் தெரிந்தவர்.

எந்த வகையானாலும் அந்தக் கணக்குதான் உயிர்நாடி. வைத்தது எத்தனை கிராம், மிச்சம் எத்தனை, சிறுநீர்க் கட்டி எத்தனை, மலம் உண்டா. 24 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் கால்நடை மருத்துவருக்கு ஃபோன் போக வேண்டும். சில நாள் பட்டினியிலேயே கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கிவிடும். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆண் பூனை அடிக்கடி லிட்டருக்குப் போய் முக்கி, சொட்டுகூட வரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. அடைப்பு உயிரை வாங்கும். நீங்கள் விமானத்தில் இருக்கும்போது சிகிச்சைக்கு யார் சம்மதம் சொல்வது, பணம் யார் கட்டுவது என்பதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கூட அனுப்ப வேண்டியவை கொஞ்சம்தான். அதே உணவு, அதே லிட்டர், திட்டத்தைவிட மூன்று நாளுக்குக் கூடுதலாக. நீங்கள் போட்டுக் கழற்றிய, துவைக்காத டி-ஷர்ட். புதுப் படுக்கை வாங்காதீர்கள், பழசைத் துவைக்கவும் வேண்டாம். ஃபெரோமோன் டிஃப்யூசர், அதாவது பூனையைச் சாந்தப்படுத்தும் வாசனையைப் பரப்பும் கருவி, சில பூனைகளுக்கு உதவும், ஆனால் அட்டைப்பெட்டிக்கு அது மாற்றில்லை. வண்டிப் பயணத்துக்கு மருத்துவர் பதற்றம் குறைக்கும் காபாபென்டின் மருந்தை எழுதிக் கொடுத்தால், அது வேலை செய்ய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பயண நாளுக்கு முன்பே வீட்டில் ஒரு முறை கொடுத்து, எப்படி ஏற்கிறது என்று மருத்துவரைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூனையின் தோலுக்கடியில் வைத்த அடையாள மைக்ரோசிப்பின் எண்ணில் உங்கள் இப்போதைய ஃபோன் நம்பர்தான் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தப்பித்தால் பயந்த பூனை பெரும்பாலும் தூரம் போகாது, கூப்பிட்டால் குரலும் கொடுக்காது. பக்கத்துப் படிக்கட்டடி, வண்டியடி, புதர் என்று இரவில் டார்ச் அடித்துக் கண் மின்னுகிறதா என்றுதான் தேட வேண்டும்.

திரும்பி வந்து ஒரு வாரத்தில் தும்மலும் கண்ணில் நீரும் வரலாம். போர்டிங்கில் தொற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை; உடம்பில் ஏற்கெனவே உறங்கும் ஹெர்பீஸ் வைரஸை அலைச்சல் எழுப்பிவிட்டிருக்கலாம். வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் அது இதைப் பார்த்துச் சீறும், வேற்று வாசனைதான் காரணம். வந்ததைத் தனி அறையில் விட்டு, வீட்டுப் பூனை படுத்த துண்டை இங்கேயும் இதன் துண்டை அங்கேயும் மாற்றிப் போடுங்கள். இரண்டும் அந்தத் துண்டின் மேலேயே படுக்கத் தொடங்கிய பிறகு கதவைத் திறக்கலாம்.