புஸ்கலானுக்குப் பச்சை குத்தப் போகிறவர்கள் முன்பணம் கட்டுமுன் படிக்கவும்

பிலிப்பைன்ஸ் நாட்டின் கலிங்கா மாகாணத்தில், டிங்லாயன் பகுதியின் மலைச்சரிவில் இருக்கும் புஸ்கலான் கிராமத்துக்கு, அங்கே மரபு முறையில் பச்சை குத்தும் மூதாட்டி ஆப்போ (மரியாதை அழைப்பு) வாங்-ஓட் கையால் பச்சை குத்திக்கொள்ளும் ஆசையில் 2024 மார்ச் மாதம் சென்றேன். பணத்தை இழந்ததோடு, இரத்தப் பரிசோதனைக்கும் அலைய வேண்டியதாயிற்று. அதே ஆசையோடு என்னிடம் வழி கேட்கிறவர்கள் பலர் இருப்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வாங்-ஓட் 1917இல் பிறந்தவர். எதிரியின் தலை கொண்டு திரும்பிய புட்புட் இன வீரர்களுக்கும், அழகுக்காகக் கை நிறையக் கோலம் வேண்டிய பெண்களுக்கும், இளம் வயதிலிருந்தே பச்சை குத்தி வந்திருக்கிறார். பம்பளிமாஸ் போன்ற மரத்தின் முள்ளைக் குச்சியின் முனையில் செருகி, கரியை நீரில் குழைத்த மையில் தோய்த்து, இன்னொரு கழியால் அந்தக் குச்சியைத் தட்டித் தட்டித் தோலில் இறக்குவதுதான் அந்த முறை. என் அப்பாயியின் முன்கையில் இருந்த பச்சைக் கோலத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தக் கைவேலையை நேரில் காண வேண்டும் என்ற ஏக்கம் பல வருடங்களாக இருந்தது. 2023 ஏப்ரலில், 106 வயதில், வோக் பிலிப்பைன்ஸ் இதழின் அட்டையில் அவர் இடம்பெற்ற பிறகு ஆசை இன்னும் வலுத்தது. முதுமையின் காரணமாக இப்போது அவர் பெரும்பாலும் மூன்று புள்ளிகளை மட்டுமே இடுகிறார்; அவை அவரையும், அவரிடம் தொழில் பழகிய உடன்பிறப்பு வழிப் பேத்திகள் இருவரையும் குறிப்பவை.

மணிலாவில் ஒரு பயண ஏற்பாட்டாளர் முகநூல் வழியாகக் கிடைத்தார். வேன், வழிகாட்டி, தங்கும் வீடு, சாப்பாடு, பச்சை குத்தும் கூலி எல்லாம் சேர்த்து 7,000 பெசோ என்றும், மூன்று புள்ளிகளுக்கான வரிசை எண்ணை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பதாகவும் எழுத்தில் உறுதி கொடுத்தார். முழுத்தொகையையும் அனுப்பினேன். வரிசை எண்ணை வெளியில் இருக்கும் ஒருவர் எப்படி எடுத்து வைக்க முடியும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்; கேட்கவில்லை.

இரவு முழுவதும் ஓடிய வேன் காலையில் பொந்தோக் என்ற ஊரைத் தாண்டி மலைப்பாதையில் ஏறியது. அதன் பிறகு நடந்து ஏறி கிராமத்தை அடைந்தபோது உச்சி வேளை நெருங்கிவிட்டது. உள்ளூர் வழிகாட்டி எங்கள் பதினான்கு பேரையும் நிறுத்தி, வந்து சேர்ந்த பிறகுதான் எண் தரப்படும் என்றும், யாருக்காகவும் எடுத்து வைக்கும் வழக்கம் இல்லை என்றும், தன் கூலியும் வீட்டு வாடகையும் இன்னும் வந்து சேரவில்லை என்றும் சொன்னார். அவர் பேச்சில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் நாங்கள் மறுபடியும் கொடுத்தோம். எனக்குக் கிடைத்த எண் 143. ஆப்போ காலையில் மட்டும் அமர்ந்துவிட்டு ஓய்வெடுக்கப் போயிருந்தார்; வேனோ மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றார்கள்.

அன்று மாலை ஏற்பாட்டாளரின் ஆள் வந்து, “யார் குத்தினாலும் அதே மூன்று புள்ளிதான், வாருங்கள்” என்று கிராமத்தின் ஓரத்தில் இருந்த ஒரு வீட்டுக்கு எங்களில் நால்வரை அழைத்துச் சென்றார். அங்கே ஒரு இளைஞர் எனக்கு முன்னால் இருந்தவருக்குக் குத்தி முடித்து, முள்ளைத் துணியில் துடைத்து, அதே மைச் சிரட்டையில் தோய்த்து என் கையைப் பிடித்தார். ஏழெட்டுத் தட்டுகள் விழுந்த பிறகே, அது புது முள் இல்லை என்பது என் மனதில் உறைத்தது. கையை இழுத்துக்கொண்டேன். மற்ற வீடுகளில் ஒவ்வொருவருக்கும் புது முள் பொருத்தியதை அன்றைக்கே பார்த்திருந்ததால், இதைக் கிராமத்தின் குற்றமாக நான் சொல்ல மாட்டேன். அவசரப்பட்டு ஆட்களைத் தள்ளிவிட்ட அந்த மனிதரின் குற்றம் இது.

ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் போனேன். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் இரத்தம் எடுத்தார். தொற்று உடனே தெரியாது என்பதால் சில மாதங்கள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாம் மாத முடிவில் குறை எதுவும் இல்லை. இதை எழுதியபோது ஆறாம் மாதப் பரிசோதனை பாக்கி இருந்தது. ஏற்பாட்டாளரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “புள்ளி வைத்தாயிற்றே” என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டு, என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

போகிறவர்கள், வாங்-ஓட் கையால் நிச்சயம் என்று எவர் சொன்னாலும் அவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். அந்த நிச்சயத்தைக் கொடுக்க அந்தப் பாட்டியைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை, அதுவும் அன்றைய உடல்நிலையைப் பொறுத்தது. பொந்தோக் வரை பேருந்தில் சென்று, கிராமத்தின் வழிகாட்டியை நேரில் அமர்த்தி, கூலியையும் வாடகையையும் அங்கேயே அவரவர் கையில் கொடுங்கள். குறைந்தது இரண்டு இரவாவது தங்கும்படி திட்டமிடுங்கள். முள்ளை உங்கள் கண்ணெதிரே புதிதாகப் பொருத்தி, மையைத் தனிச் சிரட்டையில் குழைக்கும் வரை கையை நீட்டாதீர்கள்.