வெளிநாடு கிளம்பும் முன் பி.எஃப்., வரி வேலையை ஏஜென்ட்டிடம் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எட்டு வருஷம் வேலை பார்த்துச் சேர்ந்த என் பென்ஷன் பணிக்காலம் இன்றைக்குப் பூஜ்யம். அதை முடித்துப் பணத்தைக் கொடுங்கள் என்று விண்ணப்பித்தது நான்தான் என்கிறது பி.எஃப்., பென்ஷனை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ.வின் ஆவணம். உண்மையில் விண்ணப்பித்தவர் வேறு ஒருவர். அதற்கு என்னிடமே கமிஷனும் வாங்கிக்கொண்டார்.

2024இல் ஜெர்மனியில் வேலை உறுதியானது. செப்டம்பரோடு இங்கே ராஜினாமா, ஜனவரியில் விமானம். இடையில் பி.எஃப்., வருமான வரி, வங்கிக் கணக்கு, சான்றிதழ்கள் என்று ஏகப்பட்ட வேலை. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அலுவலகத்தில் இதையெல்லாம் ஒரே பேக்கேஜில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். வாசலில் 'டாக்ஸ் கன்சல்டன்ட்' என்று போர்டு. அதை நடத்திய ஏஜென்ட்டை அங்கே எல்லோரும் 'ஆடிட்டர் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஆடிட்டரே இல்லை என்பது பிறகு தெரிந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெயர் தெரிந்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. இதே பேச்சைப் பேசுகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. பேச்சை அடையாளம் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

அவருடைய கட்டண முறையைக் கவனியுங்கள். சான்றிதழ் வேலைக்குத் தனித் தொகை. ஆனால் பி.எஃப்.புக்கும் பென்ஷனுக்கும், கையில் வரும் பணத்தில் எட்டு சதவீதம். அதாவது எவ்வளவு பணத்தை வெளியே எடுக்கிறாரோ அவ்வளவு அவருக்கு லாபம். 'இதை எடுக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்' என்று சொன்னால் அவருக்கு ஒரு பைசா வராது. எடுக்கக் கூடாத பணமும் அதனால்தான் வெளியே வந்தது.

பென்ஷன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் எங்கே போகிறது என்று பலருக்கும் தெரியாத இடம் இது. நம் சம்பளத்தில் பிடிப்பது முழுவதும் பி.எஃப்.புக்குப் போகிறது. கம்பெனி போடும் 12 சதவீதத்திலிருந்து 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. அதற்கும் 15,000 ரூபாய் சம்பளம் என்ற உச்சவரம்பு இருப்பதால், மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய். 2016இல் நான் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் அந்த வரம்புக்குள் இருந்ததால் எனக்கு இந்தத் திட்டம் உண்டு. 2014 செப்டம்பருக்குப் பிறகு அதைவிட அதிகச் சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது கிடையாது. உங்கள் பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷன் பத்தி காலியாக இருந்தால் அதுதான் காரணம்.

பத்து வருஷப் பணிக்காலம் முடிந்தால்தான் 58 வயதில் மாதாந்திர பென்ஷன். முடியாதவர்களுக்கு இரண்டு வழி. 10சி படிவத்தில் பணமாக வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கலாம். அல்லது அதே 10சி படிவத்தில் 'ஸ்கீம் சர்ட்டிஃபிகேட்' கேட்கலாம். பணத்தைத் தொடாமல், இவருக்கு இத்தனை வருஷப் பணிக்காலம் இருக்கிறது என்று இ.பி.எஃப்.ஓ. தரும் சான்று அது. பின்னாளில் இந்தியாவில் வேலைக்குத் திரும்பினால் விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கை தொடரும்.

எனக்கு இரண்டு வருஷம்தான் குறை. போவதோ ஜெர்மனிக்கு. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான விரிவான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பென்ஷனுக்குத் தகுதி வந்துவிட்டதா என்று பார்க்கும்போது இரண்டு நாட்டுப் பணிக்காலத்தையும் கூட்டிக்கொள்ள அதில் இடம் உண்டு. அங்கே தகுதிக்கு ஐந்து வருஷம் வேண்டும், இங்கே பத்து. என் எட்டு வருஷம் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் உதவியிருக்கும். ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், பிரான்ஸ் என்று இன்னும் பல நாடுகளோடு இந்தியாவுக்கு இப்படி ஒப்பந்தம் இருக்கிறது. எதை, எப்படிக் கூட்டலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பணமாக வாங்கி முடித்துவிட்ட பிறகு கூட்டுவதற்கு இந்தப் பக்கம் எதுவுமே மிஞ்சாது.

இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தப் பணத்துக்கு வட்டியே கிடையாது மேடம், சும்மா கிடந்து வீணாப் போகும்" என்றார். பென்ஷன் பகுதிக்கு நம் கணக்கில் வட்டி ஏறாது என்பது நிஜம்தான். பாதி உண்மையை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. மடிக்கணினித் திரை அவர் பக்கம், ஓ.டி.பி. வரும் போன் என் பக்கம். எண்ணை வாசிக்கச் சொல்வார், தட்டுவார், "ஆச்சு மேடம்" என்பார். எந்தப் பெட்டியில் டிக் விழுந்தது என்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. ஒரு லட்சத்துச் சொச்சம் கணக்கில் ஏறியது. அவர் கமிஷன் போக மிச்சத்துக்கு ஈடாகப் போனது எட்டு வருஷப் பணிக்காலம்.

அடுத்தது பி.எஃப். முதல் கம்பெனியில் மூன்றரை வருஷம், இரண்டாவதில் நாலரை. பழைய கணக்கு புதியதோடு சேராமலே கிடந்தது. தொடர்ந்து ஐந்து வருஷம் வேலை பார்த்தவர் பி.எஃப்.பை எடுத்தால் வருமான வரி கிடையாது. பழைய கணக்கை மாற்றிச் சேர்த்திருந்தால் முந்தைய கம்பெனியின் காலமும் இந்த ஐந்தில் சேரும். முதலில் டிரான்ஸ்ஃபர், அப்புறம் எடுப்பது என்று போயிருந்தால் முழுத் தொகையும் வரியில்லாமல் வந்திருக்கும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அவ்வளவு பொறுமை அவருக்கு இல்லை. இரண்டையும் தனித்தனியாக எடுத்தார். இரண்டுமே ஐந்து வருஷத்துக்குக் கீழ். வரியே இல்லாத பணம் வரிக்கு உட்பட்ட பணமாக மாறியது.

இப்படி எடுத்தால் 50,000 ரூபாயைத் தொட்டாலே பத்து சதவீத டி.டி.எஸ்., அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரி, பிடிப்பார்கள். அதைத் தவிர்க்க என் பெயரில் 15ஜி படிவத்தை ஏற்றினார். இந்த வருஷம் எனக்கு வரி கட்டும் அளவு வருமானமே இல்லை என்று நான் கொடுக்கும் உறுதிமொழி அது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முழுச் சம்பளம் வாங்கியவள் நான். பொய் சொன்னால் வழக்கு, மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை என்று அந்தப் படிவத்தின் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. 'டி.டி.எஸ். சேவிங்' என்று ரசீதில் அதற்கு ஒரு தொகை வேறு போட்டிருந்தார். 15ஜி கொடுத்தால் யார் கண்ணிலும் படாது என்பது அவர் கணக்கு போலிருக்கிறது. நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வரித்துறையின் 26ஏ.எஸ். அறிக்கையில், 15ஜி வாங்கிக்கொண்டு வரி பிடிக்காமல் கொடுத்த தொகைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. என் பணம் அதில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

அப்புறம் 'டாக்ஸ் கிளியரன்ஸ்'. 2024 பட்ஜெட்டுக்குப் பிறகு, நாட்டை விட்டுப் போகும் எல்லோருக்கும் வரிச் சான்று கட்டாயம் என்று ஒரு வதந்தி பரவியது நினைவிருக்கும். அது தவறு என்று அந்த ஆகஸ்டிலேயே வரித்துறை விளக்கிவிட்டது. பெரிய நிதி முறைகேட்டில் சிக்கியவர்கள், தடை உத்தரவு எதுவும் இல்லாமல் பத்து லட்சத்துக்கு மேல் நேரடி வரி பாக்கி வைத்திருப்பவர்கள் போன்ற அரிதான ஆட்களுக்குத்தான் அது. அதுவும் தலைமை ஆணையர் நிலையில் ஒப்புதல் வேண்டும். இவரோ டிசம்பரில் முத்திரை வைத்த ஒரு தாளைக் கையில் கொடுத்துப் பணம் வாங்கினார். விமான நிலையத்தில் யாரும் கேட்கவில்லை. இப்போதைய ஆடிட்டரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "பத்திரமா வெச்சுக்கோங்க, புகாருக்கு ஆகும்" என்றார்.

சான்றிதழ்களிலும் கை வைத்தார். பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் போலீஸ் கிளியரன்ஸுக்குப் பல மடங்கு பில். அதையாவது அலைச்சலுக்குக் கூலி என்று விடலாம். டிகிரிக்கு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்று முத்திரை, வாங்கித் தந்ததுதான் வேடிக்கை. அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தபோதே ஜெர்மனி அதற்கு ஆட்சேபம் தெரிவித்துவிட்டது. இந்திய அப்போஸ்டிலால் ஜெர்மனியில் எனக்கு ஒரு வேலையும் ஆகவில்லை. எந்த நாட்டுக்குப் போகிறோம் என்றுகூடப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பேக்கேஜ்.

ஜனவரியில் கிளம்பி வந்துவிட்டேன். 2025 ஜூலையில் வருமான வரிக் கணக்கையும் அவரே தாக்கல் செய்தார். பேக்கேஜில் சேர்ந்தது என்றார். "வெளிநாட்டுச் சம்பளத்தை இங்க காட்ட வேண்டாம் மேடம், நீங்க என்.ஆர்.ஐ." என்றார். இது சுத்தப் பொய். அந்த நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் அந்த வருஷத்துக்கு இந்தியவாசிதான். வேலைக்காக வெளிநாடு போகிறவருக்கு ஏப்ரலிலிருந்து எண்ணினால் எல்லைக்கோடு செப்டம்பர் கடைசி வாரத்தில் விழும். ஜனவரியில் கிளம்பிய நான் அதைத் தாண்டிப் பல மாதம் ஆகியிருந்தது. ஆகவே பிப்ரவரி, மார்ச் ஜெர்மன் சம்பளமும் இந்தியக் கணக்கில் வர வேண்டும். அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள படிவம் 67 கொடுக்க வேண்டும். இரண்டையும் அவர் செய்யவில்லை.

செய்தது வேறு. எந்தக் கட்சிக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காத என் பெயரில், 80ஜிஜிசி பிரிவில் அரசியல் கட்சி நன்கொடை என்று பெரிய தொகையைப் போட்டு ரீஃபண்ட் வரவழைத்து, அதிலும் சதவீதம் வாங்கிக்கொண்டார். எனக்கு வந்ததெல்லாம் "ஓ.டி.பி. அனுப்புங்க மேடம், வெரிஃபை பண்ணணும்" என்ற ஒரு வாட்ஸ்அப் செய்திதான். அதே ஜூலையில் வரித்துறை இப்படிப் போலி வரிக்கழிவு போட்டுத் தரும் ஏஜென்ட்டுகளைக் குறிவைத்து நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. கணக்குத் தாக்கலுக்காகவே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கிப் பிறகு கைவிட்டுவிடுகிறார்கள், துறையின் நோட்டீஸ் படிக்கப்படாமலே கிடக்கிறது என்று அப்போது அரசு அறிக்கை சொன்னது. செய்தியாகத்தான் அதைப் படித்தேன். சில மாதம் கழித்து வரித்துறைத் தளத்தில் நுழைய முடியாமல், ஆதார் ஓ.டி.பி. மூலம் பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனால், தொடர்புக்கான மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் என்னுடையவை அல்ல. உள்ளே பதில் எதிர்பார்த்து ஒரு நோட்டீஸ்.

நிஜமான ஆடிட்டர் ஒருவரைப் பிடித்து, டிசம்பர் 31 கெடுவுக்குள் திருத்திய கணக்கு தாக்கல் செய்தோம். பொய் நன்கொடையை எடுத்து, பி.எஃப்.பில் வரிக்கு உட்பட்டதையும் ஜெர்மன் சம்பளத்தையும் சேர்த்து, ரீஃபண்டை வட்டியோடு திருப்பிக் கட்டியாயிற்று. நாமே முன்வந்து திருத்தியது நல்லது என்றார். ஒருவர் பட்டயக் கணக்காளரா என்று அவர்களுடைய நிறுவனமான ஐ.சி.ஏ.ஐ.யின் தளத்தில் உறுப்பினர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அவர் சான்றளிக்கும் தாளில் 18 இலக்க யூ.டி.ஐ.என். எண் இருக்கும், அதையும் தளத்தில் சரிபார்க்கலாம். பழைய ஆள் கொடுத்த எந்தத் தாளிலும் அப்படி ஓர் எண் இல்லை.

ஏஜென்ட்டிடம் கேட்டபோது, "நீங்கதானே மேடம் ஓ.டி.பி. கொடுத்தீங்க" என்றார். நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் புகார் பதிவாகியிருக்கிறது. பென்ஷன் பற்றி இ.பி.எஃப்.ஓ. குறைதீர் தளத்தில் எழுதியதற்கு, உறுப்பினரின் ஓ.டி.பி. ஒப்புதலோடு தீர்க்கப்பட்ட விண்ணப்பம், மாற்ற இயலாது என்று பதில். அலுவலகத்தையும் குறை சொல்ல முடியவில்லை. அவர்கள் பார்வையில் விண்ணப்பித்தது நான்.

இப்போது கிளம்புகிறவர்கள் கவனிக்க: 2025 அக்டோபரில் இ.பி.எஃப்.ஓ. அறங்காவலர் குழு, வேலை விட்ட பிறகு முழுத் தொகையையும் எடுக்கக் காத்திருக்கும் காலத்தைப் பி.எஃப்.புக்கு 12 மாதமாகவும் பென்ஷனுக்கு 36 மாதமாகவும் கூட்ட முடிவெடுத்தது. 'உடனே எடுத்துடுங்க' என்று அவசரப்படுத்த ஏஜென்ட்டுகளுக்கு இது வசதி. மேலே சொன்ன வரிப் படிவ எண்களும் பிரிவு எண்களும் 1961ஆம் வருஷச் சட்டப்படியானவை. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் அதன்படி எண்கள் வேறு.

ஏற்கெனவே இப்படி ஓர் இடத்தில் கொடுத்துவிட்டவர்கள், அவர்களிடம் சொல்லாமலே யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) பாஸ்வேர்டையும் வரித்துறைத் தளப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இரண்டிலும் கைப்பேசி எண், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு உங்களுடையதுதானா என்று பாருங்கள். 26ஏ.எஸ். அறிக்கையையும் தாக்கலான கணக்கின் முழுப் படிவத்தையும் இறக்கிப் படியுங்கள், குறிப்பாகக் கழிவுகள் பக்கத்தை. சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு நீங்களே எழுதுங்கள். 'பேங்குக்குச் சொல்ல வேண்டாம்' என்றும் என்னிடம் சொன்னார்கள். ஆதாரோடு இணைத்த இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். அது செத்திருந்தால் எனக்கு அந்த நோட்டீஸ் இருப்பதே தெரிந்திருக்காது.