மங்கலாக எரியும் லேசர்: நான்கு டிரைவர்கள், நான்கு விதக் கோளாறுகள்

வீட்டில் கட்டிய லேசர் மங்கலாக எரிந்தால், டையோடு போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்க பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பிவிட வேண்டாம். முதலில் டிரைவரை, அதாவது டையோடுக்குக் கரன்ட்டை அளந்து கொடுக்கும் சுற்றைப் பாருங்கள். பெங்களூரில் கைவேலையாக லேசர் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் நாலு வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்கிறார்கள்: வெறும் ரெசிஸ்டர், எல்எம்317 என்ற ரெகுலேட்டர் ஐசி, எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் ஐசி-யுடன் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் ரெடிமேட் பக் மாட்யூல். இந்த நாலும் மங்கும் விதம் ஒன்றல்ல. எது எப்படி மங்கும் என்று தெரிந்தால், எதை எங்கே போடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

லேசர் டையோடைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் இடத்தில் டம்மி லோடு (போலிச் சுமை) போட்டுப் பாருங்கள். சிவப்பு லேசருக்கு 1என்4007 டையோடு மூன்று, நீலத்துக்கு ஆறு, தொடராக. அதோடு 1 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று. அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லி ஆம்ப். மீட்டரை ஆம்ப் ரேஞ்சில் நேரடியாகத் தொடரில் செருகாதீர்கள். மீட்டரே கொஞ்சம் வோல்ட்டேஜைத் தின்றுவிடும், அளவு பொய்யாகும். பிறகு டையோடை மாட்டுவதற்கு முன் சப்ளையை அணைத்து, அவுட்புட் கெபாசிட்டரை ஷார்ட் செய்து காலியாக்குங்கள். இந்த ஒன்றை மறந்ததால் செத்துப்போன டையோடுகள் ஏராளம்.

ரெசிஸ்டர். 5 மில்லிவாட் சிவப்பு டையோடுக்கு 5 வோல்ட்டில் 100 ஓம் போட்டால், டையோடில் 2.2 வோல்ட் விழுவதாக வைத்துக்கொண்டால், 28 மில்லி ஆம்ப் ஓடும். யூஎஸ்பி வயர் மெல்லியதாக இருந்து வோல்ட்டேஜ் 4.6-க்கு இறங்கினால் 24. நாலு மில்லி ஆம்ப்தானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் அந்த டையோடு லேசராக மாறத் தொடங்கும் கரன்ட், அதாவது த்ரெஷோல்டு, 20 என்றால், அதற்கு மேலே இருப்பதுதான் வெளிச்சம்: முன்பு 8, இப்போது 4. வெளிச்சம் பாதியாகிவிட்டது. எல்லா டிரைவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும், ஆனால் ரெசிஸ்டரில்தான் கடுமையாகத் தெரியும். கை அளவு பாயின்டருக்கு, சப்ளை உறுதியாக இருந்தால், இது போதும். அதற்கு மேல் வேண்டாம்.

எல்எம்317. வீட்டில் கட்ட என்னுடைய முதல் தேர்வு இதுதான். அவுட் காலுக்கும் அட்ஜ் காலுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர், லேசர் அட்ஜ் காலிலிருந்து. கரன்ட் = 1.25 ÷ ரெசிஸ்டர். 6.8 ஓம் போட்டால் 184 மில்லி ஆம்ப். டிவிடி ரைட்டரிலிருந்து எடுத்த சிவப்பு டையோடுக்கு நல்ல இடம். ரெசிஸ்டரில் கால் வாட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவாகச் சூடாகும், அதனால் 1 வாட் வாங்குங்கள்.

மங்குவது பெரும்பாலும் சப்ளை போதாமல்தான். அந்த டிவிடி டையோடுக்கு 2.6, ரெசிஸ்டருக்கு 1.25, ஐசி-க்கு 2 வோல்ட் அளவு. ஆக 6-ஐ நெருங்கும். 5 வோல்ட் அடாப்டரில் இது தடுமாறும். தொடராக இரண்டு 18650 லித்தியம் செல் சிவப்புக்குச் சரி. நீல டையோடுக்கு 4.5 வோல்ட்டுக்கு மேல் தேவை, மொத்தம் 8 ஆகிவிடும். அதனால் இரண்டு செல்லில் சார்ஜ் போட்டதும் பளிச்சென்று எரிந்து, கொஞ்ச நேரத்திலேயே மங்கும். மூன்று செல் போடுங்கள், அல்லது 12 வோல்ட் அடாப்டர். சதுர 9 வோல்ட் பேட்டரி வேண்டவே வேண்டாம். 200 மில்லி ஆம்ப் கேட்டால் அதன் வோல்ட்டேஜ் சரிந்துவிடும்.

இன்னொரு தவறு, கால்களை 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்) போல எண்ணுவது. 317-இல் முகப்பிலிருந்து பார்த்தால் இடமிருந்து அட்ஜ், அவுட், இன். முதுகுத் தகடு அவுட்டோடு சேர்ந்தது, பெட்டியில் பட விடக்கூடாது. லேசரை அவுட் காலிலிருந்து எடுத்துவிட்டால் கரன்ட் கட்டுப்பாடே இருக்காது. மங்கல் அல்ல, மரணம். 12 வோல்ட்டில் 1 ஆம்ப் நீல டையோடு ஓட்டினால் ஐசி-யில் 6 வாட் அளவு வெப்பம். சின்ன ஹீட்சிங்கில் அது சூடாகித் தன்னைத்தானே அணைத்து, ஆறி, மறுபடி எழும். வெளிச்சம் மூச்சுவிடுவது போல ஏறி இறங்கினால் இதுதான் காரணம்.

எல்எம்358, மாஸ்ஃபெட். 5 வோல்ட்டிலேயே 200 மில்லி ஆம்ப் வேண்டும் என்றால் இது 317-ஐ விடச் சிறந்தது. கரன்ட்டை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டர் 1 ஓம் என்றால் வீணாவது 0.2 வோல்ட்தான். ஆனால் பிரெட்போர்டில் கட்டாதீர்கள். தளர்ந்த தொடர்பு சென்ஸ் ரெசிஸ்டரோடு அரை ஓம் கூட்டினால் 200 என்று வைத்தது 133 ஆகிவிடும். எல்எம்358-இன் அவுட்புட் சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். 5 வோல்ட்டில் மாஸ்ஃபெட்டைத் திறக்கும் காலான கேட்டுக்கு 3.5தான் கிடைக்கும். ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட் அதில் சரியாகத் திறக்காமல் போகலாம். குறைந்த கேட் வோல்ட்டேஜிலேயே திறக்கும் ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள். கரன்ட் அளவைத் தீர்மானிக்கும் ரெஃபரன்ஸ் வோல்ட்டேஜை நேராக சப்ளையிலிருந்து பிரித்து எடுத்தால் சப்ளை இறங்கும்போது லேசரும் இறங்கும், நிலையான வோல்ட்டேஜ் தரும் டிஎல்431 ஐசி ஒன்று சேர்க்க வேண்டும். கேட்டில் 100 ஓம் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் சுற்று நிலைகொள்ளாமல் அலையவும் கூடும்.

பக் மாட்யூல். 1 ஆம்ப் நீலத்துக்கு இதுதான், வெப்பம் குறைவு. இதில் திருகி அளவு வைக்கும் பிரீசெட் இரண்டு: ஒன்று வோல்ட்டேஜுக்கு, ஒன்று கரன்ட்டுக்கு. கரன்ட் பிரீசெட்டை எவ்வளவு திருகியும் வெளிச்சம் ஏறவில்லையா? வோல்ட்டேஜ் பிரீசெட் டையோடுக்கு வேண்டியதை விடக் கீழே நிற்கிறது. 30 மில்லி ஆம்ப் சிவப்புக்கு இது ஆகாது. மாட்யூலில் கரன்ட்டை அளக்கும் ரெசிஸ்டர், அதாவது ஷன்ட், 0.05 ஓம் என்றால் அங்கே 1.5 மில்லிவோல்ட்தான், அதை அது நம்பகமாக அளக்காது. பல மாட்யூல்களில் ஷன்ட் மைனஸ் வழியில் இருக்கும். லேசரின் உலோகக் கூடு அடாப்டர் மைனஸைத் தொட்டால் ஷன்ட்டைச் சுற்றிக் கரன்ட் போய்விடும், கட்டுப்பாடு போய்விடும்.

டிரைவர் சரியாக இருந்தும் மங்கலா? தொடக்கத்தில் பளிச், ஒரு நிமிடத்தில் மங்கல் என்றால் சூடு. சிவப்பு டையோடு சூட்டுக்கு நீலத்தை விடச் சீக்கிரம் துவளும், ஹீட்சிங்க்கில் இறுகப் பிடித்து பேஸ்ட் போடுங்கள். தொடக்கத்திலிருந்தே மங்கல் என்றால் லென்ஸைக் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள், திருகி ஃபோகஸ் பாருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் ஒளியை வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, அதைப் பார்க்கும்படி ஒரு ஃபோட்டோடையோடை மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்ப் ரேஞ்சில் வைத்து, கரன்ட்டைச் சிறிது சிறிதாக ஏற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் லேசரின் அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டே இதைச் செய்யுங்கள். நல்ல டையோடு த்ரெஷோல்டில் மடங்கி வேகமாக ஏறும், புள்ளியில் மணல்மணலாக மினுமினுப்பும் தெரியும். மடங்காமல் மெல்ல ஏறி, மினுமினுப்பும் இல்லை என்றால் அதன் முகப்பு எரிந்துவிட்டது, இப்போது அது வெறும் எல்இடி. கெபாசிட்டர் அடியாலும் ஸ்டாட்டிக்காலும் இப்படி ஆகும். பெங்களூரில் காற்று வறண்டிருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் மணிக்கட்டில் எர்த் பட்டி கட்டாமல் டையோடைத் தொடாதீர்கள்.