கிழிப்பதா, தேய்ப்பதா: ராசிபலனுக்கும் சமையல் குறிப்புக்கும் எது தேவலாம்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் சாமான் வாங்கும் மளிகைக் கடையில் வருஷா வருஷம் தினசரி காலண்டர் சும்மா கொடுப்பார்கள். இந்த வருஷம் அதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்துப் படம்தான் வந்தது. சரி, காசு கொடுத்துக் காலண்டர் வாங்குவதா, இல்லை செல்போனில் ஒரு பஞ்சாங்க ஆப் போதுமா என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. கொஞ்ச நாள் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். காலண்டர்தான் நின்றது. ஆப்பை அழிக்கவில்லை, அதன் வாயை மட்டும் கட்டி வைத்திருக்கிறேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் தள்ளிவிடலாம். காலண்டர் வீட்டில் எல்லார் கண்ணிலும் படும், ஆப் ஒருவர் கையில்தான் இருக்கும். ஆப்பில் எழுத்தைப் பெரிதாக்கலாம், காலண்டருக்கு மூக்குக்கண்ணாடி தேட வேண்டும். அடுத்த ஆனியில் எத்தனை முகூர்த்தம் என்று பார்க்க ஆப் சுலபம். காலண்டரிலும் முகூர்த்தப் பட்டியல் இருக்கும், ஆனால் அந்த வருஷத்தோடு சரி. திருவந்திபுரத்தில் கல்யாணம் வைக்கிறவர்கள் எப்படியும் ஜோசியரிடம் போய்த்தான் தேதி குறிக்கிறார்கள்.

ஆப் உண்மையிலேயே ஜெயிக்கிற இடம் ராகு காலம். காலண்டரில் திங்கட்கிழமை என்றால் வருஷம் முழுக்க 7.30 முதல் 9 வரைதான். சூரியன் தினமும் சரியாக ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைவதாக வைத்து, பகலை எட்டுத் துண்டாக வெட்டிய கணக்கு அது. நம் கடற்கரையில் ஜூன் மாதம் ஐந்தே முக்காலுக்கே சூரியன் வந்துவிடும், தை பிறக்கும்போது ஆறரையைத் தாண்டிவிடும். பெரும்பாலான ஆப்கள் ஊரின் உதயத்தை எடுத்துக் கணக்குப் போடுகின்றன. அதன்படி தை முதல் வாரத் திங்கட்கிழமை ராகு காலம் ஏறக்குறைய எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பது இருபத்தைந்து வாக்கில்தான் முடியும். காலண்டரை நம்பி ஒன்பது அடித்ததும் கிளம்புகிறவர், ஆப் கணக்கில் இன்னும் ராகு காலத்துக்குள்தான் நிற்கிறார். கணக்குச் சுத்தம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஆப்தான். எங்கள் வீட்டில் அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: "எங்க மாமியார் காலத்துலேர்ந்து திங்கள் ஏழரை டு ஒன்பதுதாம்மா."

வாக்கியமா திருக்கணிதமா என்ற பழைய சண்டையும் இதற்குள் இருக்கிறது. இரண்டும் பஞ்சாங்கம் கணிக்கிற முறைகள்: வாக்கியம் பழைய சூத்திரப்படி, திருக்கணிதம் கிரகங்கள் இன்றைக்கு நிற்கும் இடத்துக்குத் திருத்திய கணக்கு. செல்போனில் வருகிறவை பெரும்பாலும் திருக்கணிதம். கோயில்களில் பெரும்பாலும் வாக்கியம். திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது அதே வருஷம் டிசம்பர் 20. கிட்டத்தட்ட பதினொரு மாத இடைவெளி! அவ்வளவு நாளும் ஆப் ஒரு பலனும் கோயில் வழக்கம் வேறொரு பலனும் சொல்லிக்கொண்டிருந்தன. இதில் எது சரி என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. திருநள்ளாறு போய் எள் தீபம் போடுகிற வீட்டில் வாக்கியக் காலண்டர் மாட்டினால் குழப்பம் குறைவு, அவ்வளவுதான்.

இதெல்லாம் இருக்கட்டும். எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று. பலன் எவ்வளவு நீளம் என்பது.

காலண்டர் தாளில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கு ஒரு வார்த்தை. மேஷம் வரவு, ரிஷபம் அலைச்சல், மிதுனம் பாராட்டு, கடகம் அசதி என்று போகும். காலையில் தாளைக் கிழித்ததும் அடுப்படியிலிருந்து அத்தை கேட்பார்கள்.

"எனக்கு என்னம்மா போட்டிருக்கு?"

"அலைச்சலாம் அத்தை."

"முதுநகர் போய் மீன் வாங்கணும்ல, அலைச்சல்தான்."

முடிந்தது. அந்த ஒரு வார்த்தையைக் கொண்டுபோய் எந்தக் காரியத்தோடும் ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டாவிட்டால் விட்டுவிடலாம். காபி ஆறுவதற்குள் மறந்துபோகும்.

ஆப்பில் அதே ராசிக்கு வேலை, பணம், குடும்பம், உடல்நலம் என்று தனித்தனிப் பத்தி, அப்புறம் அதிர்ஷ்ட எண், நிறம். "நெருங்கியவர்களிடம் வார்த்தைகளில் கவனம் தேவை, மறைமுக எதிரிகள் உருவாகலாம்" என்று காலை ஆறு மணிக்கே திரையில் வந்து நிற்கும். வீட்டுக்காரர் புதுச்சேரியில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் பஸ் தாமதமாகி எட்டு மணிக்கு வந்தாலும் அந்த வரி ஞாபகம் வரும். சந்திராஷ்டமம் (நம் ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் நிற்கிற நாள்) என்றால் கேட்கவே வேண்டாம். சந்திரன் ஒரு ராசியில் இரண்டே கால் நாள் இருப்பான், ஆக ஒவ்வொரு ராசிக்காரருக்கும் மாசா மாசம் இரண்டே கால் நாள் சந்திராஷ்டமம் வந்தே தீரும். காலண்டர் அதை ஓரத்தில் நட்சத்திரத்தின் பெயரோடு பொடி எழுத்தில் போட்டு விட்டுவிடுகிறது. ஆப் சிவப்பு முக்கோணத்தோடு 'எச்சரிக்கை' என்கிறது. அதற்குக் கீழேயே ஒரு பட்டன்: தீர்வுக்கு ஜோதிடரிடம் பேசுங்கள், முதல் நிமிடம் இலவசம்.

எனக்கு ராசிபலனில் அரை நம்பிக்கைதான். நீளமான பலன் அரை நம்பிக்கைக்காரர்களைத்தான் படுத்துகிறது. முழுசாக நம்புகிறவர் ஒரு விளக்கு ஏற்றிவிட்டு நிம்மதியாகிவிடுவார். நம்பாதவர் படிக்கவே மாட்டார். நடுவில் இருப்பவர்தான் படித்துவிட்டு 'சும்மா போட்டிருப்பான்' என்று சொல்லிக்கொண்டே நாள் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு திரிவார். தாளில் நாலு விரல் அகலத்துக்கு மேல் இடம் கிடையாது, அதனால் அது பயமுறுத்த நினைத்தாலும் முடியாது. காசு கட்டி வாங்குகிற ஆப்களில் இந்தத் தொல்லை குறைவு என்கிறார்கள். நான் இலவசத்தை மட்டும்தான் பார்த்தேன், ஜாதகப் பொருத்தமும் அதில் பார்த்ததில்லை. வரன் தேடுகிறவர்கள் என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

சூலம், அதாவது அந்தக் கிழமையில் எந்தத் திசைக்குப் பயணம் போகக் கூடாது என்பது, மட்டும் இரண்டிலும் ஒரே அளவு தமாஷ். திங்களும் சனியும் கிழக்கே சூலம், பரிகாரம் தயிர். கடலூர்க்காரருக்கு இதில் கவலையே இல்லை, கிழக்கே போனால் கடல்தான். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், பரிகாரம் பால். வடக்கேதான் புதுச்சேரி. வீட்டுக்காரர் அந்த இரண்டு நாளும் காபி குடித்துவிட்டுப் போகிறார், அதிலும் பால்தானே இருக்கிறது.

சமையல் குறிப்புக்கு வருவோம். இங்கேயும் அதே நீளக் கணக்குதான். தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி: உப்பு ஜாடியில் கொஞ்சம் அரிசி போட்டு வைத்தால் நீர் விடாது. கிழித்த கையோடு செய்துவிடலாம். ஆப்பில் 'டிப்ஸ்' என்று தொட்டால் தோசை ஒட்டுவதற்கு ஒரு வீடியோ. முதலில் விளம்பரம், அப்புறம் வணக்கம், அப்புறம் சேனலை சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லி வேண்டுகோள். அதற்குள் கல்லில் முதல் தோசை கருகிவிடும். கடைசியில் சொல்வது, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய் என்பதுதான். இரும்புக் கல்லில் அது நன்றாகவே கேட்கிறது.

பின்பக்கக் குறிப்பெல்லாம் வேதவாக்கு என்று சொல்ல மாட்டேன். வாழைப்பூவை நறுக்கி மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது, சரி. மீன் அலசிய கையைக் கரைத்த புளிச் சக்கையால் தேய்த்தால் வாடை போகும், அதுவும் சரி. மீன் வாடையைப் புளிப்பு முறிக்கும். சாம்பாரில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கு போடச் சொல்வது பாதி உண்மை. கிழங்கு உப்பை மட்டும் பொறுக்கி எடுக்காது, உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், குழம்பின் அளவு கூடுவதால் கரிப்பு கொஞ்சம் தணியும். சர்க்கரை டப்பாவில் கிராம்பு போட்டால் எறும்பு வராது என்றிருந்தது. எங்கள் வீட்டு எறும்பு பக்கத்தில் இருந்த வெல்ல டப்பாவுக்குக் குடிபோனது. சர்க்கரை வியாதி, மூட்டுவலி என்று வருகிற வைத்தியக் குறிப்புகளைப் படிப்பதோடு சரி, செய்வதில்லை. அப்புறம், இந்தக் குறிப்புக்கு மழை வெயில் தெரியாது. கார்த்திகை அடைமழையில் வடகம் காய வைக்கும் முறை வரும்.

பழைய குறிப்பைத் தேட ஆப்தான் வசதி. நான் பிடித்த தாள்களைக் கிழித்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் மாட்டுகிறேன். அந்தக் கட்டு தடித்துப் போய் அடிக்கடி கீழே விழுகிறது.

பராமரிப்பில் காலண்டருக்கு நம் ஊர்க் காற்று எதிரி. உப்புக் காற்றில் தாள்களைப் பிடித்திருக்கும் கம்பி துருவேறி, மேல் ஓரம் பழுப்பாகும். ஐப்பசி வந்தால் தாள் நமுத்துப்போய் இரண்டிரண்டாக வரும். கவனிக்காவிட்டால் வீடே ஒரு நாள் முந்திப் போய்விடும். பிரதோஷம் என்று நினைத்து திரயோதசிக்கு முந்தின நாளே பாடலீஸ்வரர் கோயிலில் போய் நிற்கலாம். ஆப்புக்கு இந்த வம்பு கிடையாது, ஆனால் கரண்ட் வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மிச்சமிருந்த சார்ஜைப் போன் பேசவே பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். அன்றைக்கு ராகு காலம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.

தனியாக இருக்கிறவர், வெளியூரில் வேலை பார்க்கிறவர், திதி எத்தனை மணிக்கு முடிகிறது என்று நிமிஷக் கணக்குப் பார்க்கிறவர் ஆப்பையே வைத்துக்கொள்ளலாம். அறிவிப்பை மட்டும் செட்டிங்ஸில் போய் அணைத்துவிடுங்கள், பாதித் தொல்லை போய்விடும்.

காலண்டர் வாங்குகிறவர்கள் கடையிலேயே நடுவில் நாலு தாளைத் தூக்கிப் பாருங்கள். சிலவற்றில் பின்பக்கம் வெற்றாக இருக்கும், சமையல் குறிப்பு எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம். தாள் ரொம்ப மெல்லிசாக இருந்தால் முன்பக்க மை பின்னால் தெரிந்து குறிப்பைப் படிக்க முடியாது. வாக்கியமா திருக்கணிதமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். சிவகாசிக்காரர்கள் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கிலேயே வெளியிட்டுவிடுவார்கள், ஆனாலும் கடைக்குச் சரக்கு வந்து சேர மார்கழி நெருங்கிவிடும். தை பிறந்த பிறகு போனால் மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும்.