ஐந்து தலைமுறைக்குப் பதினெட்டாயிரம்: வம்சாவளி தேடித் தரும் ஒரு சேவை

மூன்று தலைமுறை வரை நம்பலாம். நாலாவதில் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலே அவர்கள் அச்சடித்துக் கொடுப்பது கதை. கத்தோலிக்கப் பங்குக் கோயில் பதிவேடுகளைத் தேடிக் குடும்ப வம்சாவளி எழுதித் தரும் ஒரு சேவையைப் பற்றி என் கணக்கு இதுதான். கேட்கிற பணம் கொஞ்சநஞ்சமில்லை என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. சின்ன ஆட்கள், பாதி வேலையை உண்மையிலேயே நன்றாகச் செய்திருக்கிறார்கள், பிழைத்துப் போகட்டும்.

பணம் கொடுத்தது மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் என் சித்தப்பா மகன். சித்தப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். திரும்பி வந்தது இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு சாவுக்கும்தான். அவர் பிள்ளைக்கு இப்போது ஐம்பது தாண்டியதும் ஊர்ப் பாசம் வந்துவிட்டது. ஐந்து தலைமுறைக்குப் பதினெட்டாயிரம் ரூபாய், தோல் அட்டை போட்ட புத்தகத்துக்குத் தனியாக நாலாயிரம். புத்தகம் கும்பகோணத்தில் என் வீட்டுக்குத்தான் வந்தது. "அக்கா, நீங்க பத்திரம் பாக்குற ஆளு. ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான்.

நான் பத்திர எழுத்தர். மூலப் பத்திரம் எங்கே, நகல் யார் எடுத்தது, நடுவில் எந்த வாரிசை விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் தினப்படி பிழைப்பு. அதனால் பொன்னெழுத்து அட்டை, பூவேலைக் கிளைப் படம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேராகக் கடைசியில் இருந்த ஆதாரப் பக்கங்களுக்குப் போனேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆதாரப் பக்கங்கள் அருமை. பதிவேட்டின் அட்டை, முதல் பக்கம், நம் பதிவு இருக்கும் பக்கம் முழுவதும் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று படம். வேண்டிய வரியை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டும் வேலை இல்லை. பங்குச் சாமியாரிடம் முறைப்படி கடிதம் கொடுத்து அனுமதி வாங்கியிருக்கிறார்கள், அந்தக் கடிதத்தின் நகலும் இருக்கிறது. லத்தீன் படிக்கத் தெரிந்த ஒருவர் அவர்களிடம் இருக்கிறார் என்பதும் தெரிகிறது. இது பெரிய விஷயம். நம் பக்கத்துப் பழைய ஞானஸ்நானப் பதிவுகளில் ராயப்பன் என்று தேடினால் கிடைக்காது, பெத்ருஸ் என்று இருப்பான். சின்னப்பன் பவுலுஸ் ஆகியிருப்பான், அருளப்பன் யோவான்னெஸ், யாகப்பன் யாக்கோபுஸ், சூசை யோசேப்புஸ், சவரிமுத்து சவேரியுஸ். வீட்டில் கூப்பிட்ட பெயர் எங்குமே இருக்காது. இணையத்தில் தமிழ்ப் பெயரைத் தட்டிப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று கைவிட்டவர்கள் பல பேரை எனக்குத் தெரியும்.

எங்கள் தாத்தாவின் பதிவைப் பாருங்கள். நீள வாக்கில் கோடு போட்ட பக்கம், மை பழுப்பேறிப்போய் இருக்கிறது. பிறந்த நாள், அதற்கு நாலு நாள் கழித்து ஞானஸ்நானம், அப்பா அம்மா பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், சாமியார் கையெழுத்து. ஓரத்தில், வேறு கையெழுத்தில், வேறு மையில், பொடி எழுத்தாக இரண்டு வரி: இவருக்கு இன்ன பங்கில், இன்ன தேதியில், இன்ன பெண்ணோடு கல்யாணம். 1908-இல் நடைமுறைக்கு வந்த ரோமாபுரிக் கட்டளைப்படி, எங்கே கல்யாணம் நடந்தாலும் ஞானஸ்நானம் கொடுத்த கோயிலுக்குத் தகவல் அனுப்பி, அங்கே ஓரத்தில் குறித்து வைக்க வேண்டும். வம்சாவளி தேடுபவனுக்கு அந்த ஓரக் குறிப்பைவிடப் பெரிய சொத்து கிடையாது. பிறப்பையும் கல்யாணத்தையும் ஒரே ஆளோடு முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடும். கோயிலில் இன்று கேட்டால் எழுதித் தரும் சான்றிதழில் சில சமயம் இந்தக் குறிப்பு விட்டுப்போகும். பக்கத்தின் படம்தான் வேண்டும் என்று நான் அடம் பிடிப்பது இதனால்தான். இந்தச் சேவைக்காரர்கள் அதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள், மகிழ்ச்சி.

கொள்ளுத்தாத்தாவுக்கு ஓரக் குறிப்பு கிடையாது, அவர் காலம் அதற்கு முந்தியது. ஆனால் கல்யாணப் பதிவேட்டில் ஓலை (கோயிலில் படிக்கும் கல்யாண அறிவிப்பு) மூன்று தடவை வாசித்த விவரம், அப்பன் பெயர், ஊர், சாட்சி இருவர் எல்லாம் இருக்கிறது. சரி, இதுவும் நிற்கும்.

கோளாறு அதற்கு அடுத்த படியில். கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஒரு சவரிமுத்து. எங்கள் கொள்ளிடக்கரை ஊரில் அந்தக் காலத்தில் தெருவுக்கு மூன்று சவரிமுத்து இருந்திருப்பார்கள். தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம், போதாததற்குப் புனிதர் பெயர்களும் ஒரு கைப்பிடிதான். இவர்கள் 1850-களில் ஒரு சவேரியுஸ் கிடைத்ததும், அப்பன் பெயரும் ஊரும் பொருந்துகிறது என்று எடுத்து ஒட்டிவிட்டார்கள். ஆதாரத்தில் ஞானஸ்நானப் பக்கம் மட்டும்தான் இருந்தது. அடக்கப் பதிவேட்டின் பக்கம் எங்கே? புத்தகம் முழுக்கத் தேடினேன், ஒன்றுகூட இல்லை.

கல்லறைத் திருநாள் முடிந்த வாரத்தில் நானே கோயிலுக்குப் போனேன். சாமியார் பீரோவைத் திறந்துவிட்டார், உபதேசியார் பக்கத்திலேயே உட்கார்ந்து பக்கம் திருப்பினார். (மெல்லிய தாள், நாம் தொட அவர் விடவில்லை. சரியான ஆள்.) அடக்கப் பதிவேடு மற்றதைவிட ஒல்லி. கரையான் போட்ட ஒரு துளை பக்கத்துக்குப் பக்கம் அதே இடத்தில் வந்துகொண்டே இருந்தது, பல தேதிகளை அது தின்றுவிட்டிருந்தது. எங்களுக்கு வேண்டிய வரியை விட்டுவைத்திருந்தது. அதே அப்பன், அதே அம்மா, அதே ஊர், சவேரியுஸ், வயது இரண்டு.

ஆக, இரண்டு வயதில் அடக்கமான குழந்தைக்குக் கொள்ளுத்தாத்தாவைப் பெற்றெடுக்கும் பாக்கியத்தைக் கொடுத்துப் பொன்னெழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.

இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்ததற்கு வைப்பது அப்போது உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னும் சில வருஷம் கீழே வந்தபோது அதே பெற்றோருக்கு இன்னொரு சவேரியுஸ் இருந்தான். அவனுடைய ஞானத்தகப்பன் பெயரும், பிற்பாடு ஒரு சவரிமுத்துவின் கல்யாணத்தில் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி போட்ட சாட்சியின் பெயரும், ஊரும் ஒன்றாக இருக்கின்றன. இப்படி இரண்டு தனித்தனிப் பதிவுகள் ஒரே திசையில் கை காட்டினால் 'பெரும்பாலும் இவர்தான்' என்று எழுதலாம். 'இவரேதான்' என்று நான் எழுத மாட்டேன். அவர்கள் புத்தகத்தில் பெரும்பாலும் என்ற சொல்லே ஒரு இடத்திலும் இல்லை. தாத்தாவும் ஐந்தாம் தலைமுறை ஆளும் ஒரே தடிமன் கோட்டில் நிற்கிறார்கள்.

இன்னொரு ஓட்டை. டெல்டாவில் கோயில் எந்த மேற்றிராணியாருக்கு (ஆயருக்கு) கீழே இருந்தது என்று தெரியாமல் தேடக் கூடாது. கும்பகோணம் மறைமாவட்டம் 1899-இல் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது. தஞ்சாவூர் மறைமாவட்டம் 1952-இல்தான் வந்தது, அதற்கு முன் மயிலாப்பூர், அங்கே மேற்றிராணியாரை நியமிக்கும் உரிமை போர்த்துக்கீசியருடையது. சில ஊர்களில் ரோமாபுரி தரப்பு, போர்த்துக்கீசியர் தரப்பு என்று இரண்டு தரப்புச் சாமியார்களும் இருந்து, வரி கட்டுவதிலிருந்து தேர் இழுப்பது வரை சண்டை போட்டிருக்கிறார்கள். அப்பன் ஒரு கோயிலில், மகன் இன்னொரு கோயிலில் என்று பதிவாகியிருக்கலாம். இவர்கள் ஒரே ஒரு கோயிலைப் பார்த்துவிட்டு முடித்திருக்கிறார்கள்.

அப்புறம் வருகிறது முடிசூட்டு விழா. ஆறாவது தலைமுறை 'இலவச இணைப்பு'. அதில் எங்கள் குடும்பம் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்ற முதல் தமிழர்களின் வழி வந்தது என்று முழுப் பக்கம், டேனிஷ் கோட்டைப் படத்தோடு. சீகன்பால்கு 1706 ஜூலையில் வந்து இறங்கினார், 1707 மே மாதம் முதல் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது, அதெல்லாம் சரித்திரம். அந்த ஐந்து பேரும் டேனிஷ்காரர்கள் வீட்டில் அடிமைகளாக இருந்தவர்கள். புத்தகமோ 'உயர்குடி' என்கிறது! லுத்தரன் சபையிலிருந்து கத்தோலிக்கக் கோயிலுக்கு எப்போது, யார் மாறினார்கள்? நடுவில் நூற்றைம்பது வருஷத்துக்கு ஒரு தாள்கூட இல்லை. ஆதாரம் என்று கீழே கொடுத்திருப்பது ஒரு இணைய வம்ச மரத்தின் முகவரி. திறந்து பார்த்தேன். யாரோ ஒருவர் பெயர்களை ஏற்றியிருக்கிறார், அவருக்கு ஆதாரம் இன்னொரு மரம்.

இணையத்தையே குறை சொல்லவில்லை. ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளி இணையதளம் இலவசம், அதில் பதிவேட்டின் படம் கிடைக்கிற இடத்தில் பொன்னாக உபயோகப்படும். ஆனால் அங்குள்ள பொது மரத்தை உறுப்பினர் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். படத்தைப் பார்க்கலாம், மரத்தை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சேவைக்காரர்களிடம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். மரியாதையாகப் பதில் வந்தது, ஒரு வாரத்துக்குள். சவரிமுத்துப் பக்கத்தைத் திருத்தி, அடக்கப் பதிவின் படத்தையும் சேர்த்துப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தார்கள், பணம் கேட்கவில்லை. தரங்கம்பாடிப் பக்கத்தை எடுக்கச் சொன்னதற்கு மட்டும் "மேடம், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அதைத்தான் விரும்புறாங்க" என்றார்கள். தம்பியும் அந்தப் பக்கத்தை விட மனசில்லாமல் இருக்கிறான். "இருந்துட்டுப் போகட்டுமே அக்கா" என்கிறான். அவன் காசு.

காரைக்கால் வழி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா பக்கம் எனக்கு அங்கே உண்டு. அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். 1739-இலிருந்து பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர். பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவுகளின் ஒரு படியைப் பிரான்ஸுக்கு அனுப்பி வைத்தார்கள், காலனிகள் எல்லாவற்றுக்கும் 1776-லேயே அப்படி உத்தரவு. அங்கே எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த காலனிகளின் ஆவணக் காப்பகம் அவற்றைப் படமாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஊர், வருஷம் கொடுத்தால் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். தகப்பன் வயது, தொழில், சாட்சிகளின் பெயர் வரை இருக்கும். பங்குக் கோயில் பதிவில் தொழில் கிடைப்பது அபூர்வம். கையால் படியெடுத்ததில் பெயர்கள் சிதைந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. 1881 ஆணைக்குப் பின் சாதி, மத வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள், அதனால் அந்த வருஷத்தைத் தாண்டும்போது அப்பன் பெயரும் மகன் பெயரும் ஒட்டாமல் நிற்கும், பயப்பட வேண்டாம்.

இந்தச் சேவையை யார் எடுக்கலாம்? ஊருக்கு வர முடியாதவர்கள், லத்தீன் தெரியாதவர்கள், மூன்று தலைமுறை போதும் என்பவர்கள் எடுக்கலாம். அந்த வேலைக்குப் பதினெட்டாயிரம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஏமாற்று இல்லை. தோல் அட்டை வேண்டவே வேண்டாம், ஆதாரப் படங்களைப் பென் டிரைவில் கேளுங்கள். பக்கத்துப் பங்கையும் பார்த்தார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள், மீதியை அடக்கப் பதிவேட்டின் படம் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.